புகையிலை வருவாயும் ஊரவையின் பொறுப்பும்: ஈச்சிலம்பற்றை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1

புகைத்தலைக் கைவிடுதல் என்பது நம்மிடையே பெரும்பாலும் தனிமனித ஒழுக்கம் பற்றிய விடயமாகவே பேசப்பட்டு வந்துள்ளது. மனத்திண்மை உள்ளவன் விடுகின்றான், அஃது இல்லாதவன் விடமாட்டாது தவிக்கின்றான் என்பதே பொதுவாக நிலவும் கருத்தாகும். கோயிற் பிரசங்கியாரும் பாடசாலை அதிபரும் இவ்விடயத்தில் ஏறத்தாழ ஒரே குரலிற் பேசுவர். கேட்போனும் தலையசைத்துவிட்டு வெளியே வந்து மற்றொரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொள்வான்.

கடந்த அரை நூற்றாண்டு மருத்துவ ஆய்வு இக்கருத்தைப் பெரிதும் மாற்றியுள்ளது. புகையிலையிலுள்ள நிக்கொட்டின் உடலைத் தன்வயப்படுத்தும் இயல்புடையது. துணையின்றி அதிலிருந்து மீள முயல்வோருட் பெரும்பாலானோர் தோற்கின்றனர். பயிற்சி பெற்ற ஒருவரின் தொடர்ச்சியான ஆலோசனையும் உரிய மருந்தும் சேரும்போது மீள்வோர் தொகை கணிசமாக உயர்கின்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் நிக்கொட்டின் மாற்றுச் சிகிச்சையை இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தமை இவ்வுண்மைக்குக் கிடைத்த அங்கீகாரமாகும்.

அவ்வாறாயின் விடயம் ஒழுக்கத்தின் எல்லையைக் கடந்து அரசியற் பொருளாதாரத்தின் எல்லைக்குள் வந்துவிடுகின்றது. ஆலோசனை கூற ஆள் வேண்டும், அமர்ந்து பேச இடம் வேண்டும், மருந்து வேண்டும், வாரந்தோறும் வந்துபோக வழி வேண்டும். இவை யாவும் பணத்தால் ஆவன. அப்பணத்தை யார் கொடுப்பது? அதனைச் செலவிடும் அதிகாரம் யார் கையில் இருப்பது?

இவ்வினாக்களைத் திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள ஈச்சிலம்பற்றை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். புகைத்தலில் ஈச்சிலம்பற்று ஏனைய ஊர்களிலும் விஞ்சியது என்பதனால் நாம் அதனைத் தேர்ந்தோமல்லோம். ஓர் அரசின் நிதியமைப்பு எத்தகையது என்பதை அதன் தலைநகரிலும் பார்க்க, அதன் கடைசி ஊரில் நின்று பார்க்கும்போது தெளிவாகக் காணலாம் என்பதே காரணம். நாம் காட்ட விழைவது இதுதான்: புகையிலையால் வரும் வருவாயை மையம் எடுத்துக்கொள்வதும், மக்களின் சுகாதாரத்தைப் பேணும் கடமையை ஊரவைக்கு வெறுங்கையுடன் விட்டுவிடுவதும் காலனித்துவ ஆட்சி வகுத்த ஒரு பங்கீடாகும். அப்பங்கீடு மாறாதவரை, புகைத்தலைக் கைவிட விரும்பும் ஏழை தனித்தே விடப்படுவான்.

2

ஈச்சிலம்பற்று, பழைய கொட்டியாரப்பற்றின் ஒரு பகுதி. 1660இல் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயன் கண்டியரசனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டது இக்கொட்டியாரக் குடாக்கரையிலேயாம். 'பற்று' என்பது கிழக்கிலங்கையில் நிர்வாகப் பிரிவொன்றைச் சுட்டும் சொல். வரியும் வழக்கும் பற்றுவாரியாகவே பார்க்கப்பட்டன. இன்று இப்பகுதி வெருகல் பிரதேசச் செயலாளர் பிரிவு என வழங்குகின்றது. திருகோணமலை மாவட்டத்தின் 11 பிரிவுகளுள் ஒன்று. தெற்கே மகாவலியின் கிளையான வெருகலாறு ஓடுகின்றது. அதற்கப்பால் மட்டக்களப்பு மாவட்டத்து வாகரை. ஆற்றங்கரையிலே சித்திரவேலாயுத சுவாமி கோயில் உள்ளது. நெல், சேனைப்பயிர், களப்பிலும் கடலிலும் மீன்பிடி, காட்டிலிருந்து தேனும் விறகும் என்பனவே பூநகர், இலங்கைத்துறை, மாவடிச்சேனை முதலிய ஊர்களின் வாழ்வாதாரங்கள். கரையோர வேடர் எனப்படும் தொல்குடியினரும் இப்பகுதியில் வாழ்கின்றனர்.

புகையிலை நம் மண்ணுக்கு உரியதன்று. அமெரிக்கக் கண்டத்திலே தோன்றி, ஐரோப்பிய வணிகர் வழியாக ஆசியாவுக்கு வந்தது. எனினும் வந்த சில தலைமுறைகளுக்குள்ளேயே தமிழர் வாழ்வில் அஃது எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதற்கு இலக்கியச் சான்று உண்டு. சீனிச்சர்க்கரைப் புலவர் பாடிய 'புகையிலை விடு தூது' என்னும் பிரபந்தம் பழனி முருகனிடத்துப் புகையிலையையே தூதாக விடுக்கின்றது. வில்வமும் துளசியும் அவற்றைப் பெற்ற தெய்வங்களின் கையைவிட்டுப் போயின, நான்முகன் பெற்ற இலையோ போகவில்லை, ஆதலால் அது 'போகையிலை' ஆயிற்று என்ற கதையையும் அந்நூல் கூறும். உ. வே. சாமிநாதையர் இதனைப் பதிப்பித்தார். அந்நியச் சரக்கொன்றுக்குப் புராணப் பிறப்பு கற்பிக்கப்படுவது வெறும் புலமை விளையாட்டன்று. சந்தையில் நிலைபெற்றுவிட்ட ஒரு பண்டம் பண்பாட்டின் ஏற்பையும் பெறும் செயன்முறை அது. பொருளாதார அடித்தளத்திலே நிகழ்ந்துவிட்டதைக் கருத்தியல் பின்வந்து ஒப்புக்கொள்கின்றது.

கிழக்கிலங்கையில் இவ்வேற்பு வெற்றிலை வட்டாவின் வழியே வந்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு என்பவற்றோடு புகையிலைத் துண்டும் வட்டாவில் இடம்பெற்றது. வந்தாரை வரவேற்பதும், கலியாணம் பேசுவதும், செத்த வீட்டிலே துக்கம் விசாரிப்பதும் அவ்வட்டாவை முன்வைத்தே நிகழ்ந்தன. சிறுதெய்வப் படையல்களிலே சுருட்டும் இடம்பெற்றது. ஆகவே புகையிலையை விடுதல் என்பது இங்கு ஒரு பொருளை விடுதல் மாத்திரமன்று. ஒரு சமூக உறவின் மொழியைக் கைவிடுதலுமாகும். வெளியிலிருந்து வரும் பிரசாரம் இதனை மனங்கொள்ளாதபோது ஊராரின் காதில் ஏறுவதில்லை.

இப்பண்டத்தின் உற்பத்தி வரலாறு வேறு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கிணற்று நீரும் பட்டியடைத்துப் பெற்ற எருவும் கொண்டு விளைவிக்கப்பட்ட புகையிலை, ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்குப் பெருந்தொகையாக ஏற்றுமதியாயிற்று. ஒல்லாந்தக் கும்பனி அவ்வணிகத்திலே தன் பங்கை விடாது பற்றிக்கொண்டது. அதனைத் தொடர்ந்து வந்த பிரித்தானியர் தம் ஆட்சியின் தொடக்கத் தசாப்தங்களில் அதனை அரச ஏகபோகமாகவே நடத்தினர். கமக்காரன் விளைவித்ததற்கு அரசு விலை வைத்தது. வேறெவருக்கும் விற்க அவனுக்கு உரிமை இருக்கவில்லை. பின்னர் ஏகபோகம் நீங்கித் தீர்வை வந்தது. வடிவம் மாறிற்றேயன்றி, புகையிலை திறைசேரியின் பண்டம் என்ற நிலை மாறவில்லை.

20ஆம் நூற்றாண்டிலே இவ்வரலாறு இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. ஒன்று, யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கைத்தொழில். சுருட்டுக் கொட்டிலிலே ஒருவர் பத்திரிகையும் கதையும் வாசிக்க ஏனையோர் சுருட்டுச் சுற்றியவாறே கேட்டு அரசியலறிவு பெற்றதை நமது தொழிலாளர் இயக்க வரலாறு மறக்கவியலாது. மற்றையது, இயந்திரத்தால் உற்பத்தியாகும் சிகரெட். பிரித்தானிய அமெரிக்கப் புகையிலைக் கம்பனியின் வழித்தோன்றலான இலங்கைப் புகையிலைக் கம்பனி 1932இல் நிறுவப்பட்டது. நாட்டின் சிகரெட் உற்பத்தி அதன் ஏகபோகமாயிற்று. ஒல்லாந்தக் கும்பனியின் இடத்திலே பல்தேசியக் கம்பனி வந்து அமர்ந்தது. கொட்டிலிலே சுற்றிய சுருட்டு பின்தள்ளப்பட்டு, கடையிலே ஒன்றொன்றாக விற்கப்படும் சிகரெட் கூலித் தொழிலாளியின் சட்டைப்பைக்கு வந்தது. வயலிலும் கரைவலையிலும் நாட்கூலிக்கு நிற்பவன் பெட்டியாக வாங்க இயலாதவன். தனிச் சிகரெட் விற்பனை அவனுடைய நாட்கூலியின் தாளத்துக்கு ஏற்ப அமைந்த வணிகமுறையாகும்.

3

இனி ஊரவையின் வரலாற்றை நோக்குவோம். பிரித்தானியர் இந்நாட்டில் உள்ளூராட்சியை ஏற்படுத்தியபோது அதற்குக் கொடுத்த முதன்மைப் பணி துப்புரவாகும். 1865இன் மாநகர சபைச் சட்டம் கொழும்புக்கும் கண்டிக்கும் சபைகளைத் தந்தது. 1876இல் வந்தவை 'சுகாதார, அபிவிருத்தி உள்ளூர்ச் சபைகள்' என்றே பெயர்பெற்றன. 1892இல் சிறு பட்டினங்களுக்குச் சுகாதாரச் சபைகள் வந்தன. கிராமங்களைப் பொறுத்தவரை 1871இன் கிராம சமுதாயக் கட்டளைச் சட்டம் பழைய கன்சபாக்களுக்குப் புத்துயிர் அளிப்பதாகக் கூறிக்கொண்டது. அணைக்கட்டும் வாய்க்காலும் வேலியும் சிறு வழக்கும் அவற்றின் விடயங்களாயின. 1924இன் சட்டத்தின் பின்னரே தேர்தல்வழி அமைந்த கிராமச் சங்கங்கள் வளர்ச்சியுற்றன.

இவ்வமைப்பிலே ஒரு பங்கீடு தெளிவாகக் காணப்படுகின்றது. சுங்கம், மதுவரி, ஏற்றுமதித் தீர்வை ஆகிய பெரிய வருவாய்கள் யாவும் கொழும்புத் திறைசேரிக்குரியன. சோலைவரி, சந்தை வாடகை, அனுமதிப்பத்திரக் கட்டணம், தண்டம் என்பன ஊரவைக்குரியன. சாக்கடை துப்புரவாக்குதல், நாய் பிடித்தல், கொள்ளைநோய் வருங்கால் மக்களை ஒதுக்கி வைத்தல் என்பனவும் ஊரவைக்குரியனவே. நோயை உண்டாக்கும் வணிகத்தின் வரி மையத்துக்கும், நோயின் விளைவைத் துடைக்கும் வேலை ஊருக்கும் எனப் பகிரப்பட்டன எனலாம்.

மதுவிடயத்தில் மாத்திரம் இப்பங்கீடு ஓரளவு உடைந்தது. 1912இன் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கள்ளுத் தவறணைகளும் சாராயக் கடைகளும் பெருகியபோது நாடெங்கும் மதுவிலக்கு இயக்கம் கிளர்ந்தெழுந்தது. அதன் விளைவாக, தம் ஊரிலே தவறணை வேண்டுமா வேண்டாமா என ஊரவர் வாக்களித்துத் தீர்மானிக்கும் உரிமை கிடைத்தது. 1920களில் யாழ்ப்பாணம் உட்படப் பல இடங்களில் அவ்வாக்கெடுப்பினால் தவறணைகள் மூடப்பட்டன. திறைசேரியின் வருவாய் மூலமொன்றின்மீது ஊரவர் கைவைத்த அரிய நிகழ்ச்சி அதுவாகும். புகையிலை விடயத்தில் அத்தகைய உரிமை ஊருக்கு என்றுமே வழங்கப்படவில்லை. மதுவைப் பாவமாகக் கண்ட தேசிய இயக்கத்தின் தலைவர்கள் புகையிலையைப் பாவமாகக் காணவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அவர்களுட் பலர் அதனைத் தாமே நுகர்ந்தனர்.

1926இல் களுத்துறையிலே றொக்பெல்லர் மன்றத்தின் உதவியுடன் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருத்துவமாது என்போர் வீடுவீடாகச் செல்லும் அமைப்பு அதிலிருந்தே வளர்ந்தது. தாய் சேய் மரணத்தைக் குறைப்பதில் இலங்கை பெற்ற பெரும் வெற்றி இவ்வமைப்பின் பயனாகும். மனிதரின் பழக்கத்தை மாற்றும் பணியைக்கூடச் சம்பளம் பெறும் ஊழியர் வீட்டு வாசலுக்கு வந்து செய்யலாம் என்பதை இந்நாடே உலகுக்குக் காட்டியது. ஆயின் இவ்வூழியர்க்குச் சம்பளமும் கட்டளையும் ஊரவையிலிருந்து வரவில்லை; திணைக்களத்திலிருந்தே வந்தன. மருத்துவமாது ஊரை அறிவாள். ஆனால் ஊருக்கு அவளது பணியைத் தீர்மானிக்கும் அதிகாரம் இருக்கவில்லை.

சுதந்திரத்தின் பின்னர் கிராம சபைகள் வளர்ந்தன. 1980களின் தொடக்கத்தில் அவை கலைக்கப்பட்டு மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தன, அவையும் நிலைக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமே இன்றைய அமைப்பின் அடிப்படையாகும். அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு, தன் பிரதேசத்திலே பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், வீதிகள் என்பன தொடர்பான யாவற்றையும் ஒழுங்குபடுத்தி நிர்வகிக்கும் பொறுப்பையும், மக்களின் சௌகரியத்தையும் நலனையும் பேணி வளர்க்கும் பொறுப்பையும் பிரதேச சபைக்கு அளிக்கின்றது. இதனிலும் அகன்ற கடமையைக் கற்பனை செய்தல் அரிது. புகைத்தலைக் கைவிட விரும்புவோருக்குச் சேவை வழங்குவதற்கு வேறு சட்டமொன்று தேவையேயில்லை என்றும் வாதிடலாம்.

ஆயின் அதே சட்டம் தரும் வருவாய் எத்தகையது? கட்டடங்கள் செறிந்த இடமெனப் பிரகடனப்படுத்திய பகுதியிலேயே சோலைவரி அறவிடலாம். ஓலைக்கொட்டிலும் கல்வீடும் கலந்து பரந்து கிடக்கும் வெருகற் கிராமங்களில் அவ்வரியால் என்ன வரும்? எஞ்சுவன சந்தைக் குத்தகையும், வியாபார அனுமதிக் கட்டணமும், முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டம் ஆகியவற்றின் பங்குமே. காணி விலை உயர்ந்த நகரங்களிலே முத்திரைத் தீர்வை மிகுதியாகவும், ஏழைக் கிராமங்களில் அருகியும் வரும். ஆகவே நோயும் வறுமையும் மிகுந்த இடத்திலே சபையின் வருவாய் குறைந்தும், அவை குறைந்த இடத்திலே வருவாய் மிகுந்தும் காணப்படும் தலைகீழ் நிலை ஏற்பட்டுவிடுகின்றது.

4

2003 நவம்பரில் இலங்கை, உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயத்தை ஏற்று உறுதிசெய்தது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் அவ்வாறு செய்த முதல் நாடுகளுள் அது முன்னணியில் நின்றது. அச்சமவாயத்தின் 14ஆம் உறுப்புரை, புகையிலையில் தங்கியிருப்போர் அதிலிருந்து மீள்வதற்கான சேவைகளை ஒவ்வோர் அரசும் வளர்க்க வேண்டுமெனக் கூறுகின்றது. இதனைத் தொடர்ந்து 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையை நிறுவியது. விளம்பரம் தடைசெய்யப்பட்டது, 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்றல் குற்றமாயிற்று, பொது இடங்களிலே புகைத்தல் தடுக்கப்பட்டது.

இச்சட்டம் வந்த அதே 2006இல் ஈச்சிலம்பற்றில் நிகழ்ந்தது என்ன? யூலையில் மாவிலாற்றுத் துருசு பற்றிய பிணக்குப் போராக வெடித்தது. மூதூர் கிழக்கிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் மக்கள் வெருகலாற்றைக் கடந்து வாகரைக்கு ஓடினர். பின்னர் அங்கிருந்தும் மட்டக்களப்பு நோக்கி ஓடினர். 2004 டிசம்பரிலே ஆழிப்பேரலை அடித்துச்சென்றது போக எஞ்சியதையும் அவர்கள் அப்போது இழந்தனர். கொழும்பிலே சட்டம் நடைமுறைக்கு வந்த டிசம்பர் மாதத்தில் அவர்கள் தம் ஊரில் இருக்கவில்லை. 2007இலேயே மீள்குடியேற்றம் தொடங்கிற்று.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் நாம் அருகருகே வைப்பது உணர்ச்சியூட்டுவதற்காக அன்று. பொதுச் சுகாதாரச் சட்டமொன்று ஒரு சமூகத்தில் வேர்கொள்ள வேண்டுமாயின் அதற்குக் கூட்டங்கூடும் இடமும், தொடர்ச்சியாகப் பணியாற்றும் ஊழியரும், தேர்ந்தெடுக்கப்பட்ட சபையும் வேண்டும். வடகிழக்கிலே பல ஆண்டுகள் இவை இருக்கவில்லை. ஆகவே இச்சட்டம் இங்கு பெரும்பாலும் தண்டமாகவே, அதாவது கடைக்காரரைப் பிடித்து நீதிமன்றுக்குக் கொண்டுசெல்லும் நடவடிக்கையாகவே அறிமுகமாயிற்று. மீள்வதற்கான துணை அதனோடு உடன்வரவில்லை.

தேசிய மட்டத்திலே அடுத்துவந்த முன்னேற்றங்களைக் குறைத்து மதிப்பிடுதல் தவறாகும். 2012இல் படத்துடன் கூடிய எச்சரிக்கைக்கான ஒழுங்குவிதிகள் வந்தபோது கம்பனி நீதிமன்று சென்றது. இறுதியில் 2015இன் திருத்தச் சட்டம் சிகரெட் பெட்டியின் 80 வீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இடம்பெற வேண்டுமென விதித்தது. 2016 செப்டெம்பரில் புகையற்ற புகையிலைப் பண்டங்களும் இலத்திரனியற் சிகரெட்டும் தடைசெய்யப்பட்டன. கைவிட விரும்புவோர்க்கென 1948 என்னும் தொலைபேசி இலக்கமும் ஏற்படுத்தப்பட்டது. எனினும் இவை யாவும் மையத்திலிருந்து புறப்பட்டவை. தொலைபேசியில் ஒலிக்கும் குரல் பயன் தரக்கூடியதே; ஆயின் விடியுமுன் வலைக்குப் போய்ப் பொழுதேறக் கரைசேரும் ஒருவனுக்கு, தன் ஊரிலே தன்னை அறிந்த ஒருவர் வாரந்தோறும் முகம்பார்த்துக் கேட்பது போன்றதாகுமா?

தேவை இல்லையென்று எவரும் கூற முடியாது. 2015ஐ ஒட்டி இலங்கையில் நடத்தப்பட்ட தொற்றா நோய்க் காரணிகள் பற்றிய அளவீட்டின்படி வயதுவந்த ஆண்களில் 29.4 வீதத்தினர் புகைப்பவராவர். பெண்களிலோ அத்தொகை 0.1 வீதம் மாத்திரமே. ஆயின் புகையாத பெண்ணே அதன் விலையைக் கொடுப்பவளாவாள். கூலியிற் குறையும் பங்கும், வீட்டில் நிறையும் புகையும், ஈற்றிலே நோயாளியைப் பராமரிக்கும் சுமையும் அவளுக்கே உரியன.

மறுபுறத்தில் திறைசேரியை நோக்குக. 2010களின் இறுதியில் இலங்கைப் புகையிலைக் கம்பனி ஊடாக அரசு பெற்ற வரிகள் ஆண்டொன்றுக்கு 10,000 கோடி ரூபாவையும் கடந்தன. இதன் ஒரு வீதம் 100 கோடி. நாட்டின் 341 உள்ளூராட்சி மன்றங்களுக்கும் அதனைச் சமமாகப் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 29 இலட்சம் ரூபா கிடைக்கும். பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவருக்கும் மருந்துக்கும் அத்தொகை ஒரு தொடக்கமாக அமையும். வறுமையை அளவுகோலாகக் கொண்டு பகிர்ந்தால் ஈச்சிலம்பற்றுக்கு மேலும் கிடைக்கும். வழியின்மை கணக்கின்பாற்பட்டதன்று, அதிகாரத்தின்பாற்பட்டது என்பதற்கு இவ்வெளிய கணக்கே போதுமானது.

5

ஊரவைகளுக்கு இப்பணியை நிதியோடு கொடுத்த நாடுகளின் அனுபவம் நமக்குப் பாடமாகும். இங்கிலாந்திலே 1998இன் அரச வெள்ளை அறிக்கையைத் தொடர்ந்து, 1999இல் வறிய பகுதிகளிலே முதலிற் புகைத்தல் நிறுத்தச் சேவைகள் தொடங்கப்பட்டு, பின்னர் நாடெங்கும் விரிந்தன. தொடக்கத்திலே தேசிய சுகாதார சேவையின் கீழ் இருந்த அவை, 2012இன் சட்டப்படி 2013 ஏப்பிரலில் உள்ளூராட்சி மன்றங்களுக்கு மாற்றப்பட்டன. அதற்கெனப் பொதுச் சுகாதார மானியமும் கொடுக்கப்பட்டது. அதிகாரம் ஊருக்கு வந்துவிட்டதெனப் பலர் மகிழ்ந்தனர். ஆயின் ஈராண்டுக்குள், 2015இல், நிதியாண்டின் இடையிலேயே அம்மானியத்தில் 20 கோடி பவுண் வெட்டப்பட்டது. மேலும் வெட்டுக்கள் தொடர்ந்தன. மன்றங்கள் பல தம் சேவைகளைச் சுருக்கின, சில கைவிட்டன. 2011-12இல் அச்சேவைகளின் மூலம் கைவிடும் நாள் குறித்துக்கொண்டோர் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர். 2018-19இல் அத்தொகை 2½ இலட்சத்துக்கும் கீழே வீழ்ந்தது. இலத்திரனியற் சிகரெட்டின் வருகையும் இவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணம். எனினும் நிதிவெட்டின் பங்கை மறைக்க முடியாது. 2023 ஒக்டோபரில் அவ்வரசே மனம்மாறி, ஆண்டுக்கு 7 கோடி பவுண் மேலதிகமாகத் தருவதாக அறிவித்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? கடமையை ஊருக்கு மாற்றுவது மாத்திரம் சனநாயகமாகாது. நிதியின் பிடி மையத்தின் கையில் இருக்கும்வரை, சிக்கனக் காலத்திலே பழியை ஊரவைமீது சுமத்தி வெட்டைத் தான் நடத்திவிட மையத்தால் முடியும்.

தாய்லாந்து வேறொரு வழியைக் கண்டது. 2001இல் நிறுவப்பட்ட அதன் சுகாதார மேம்பாட்டு நிதியத்துக்கு, புகையிலை, மது ஆகியவற்றின் தீர்வையோடு 2 வீதம் மேலதிகமாக அறவிடப்பட்டு நேரடியாகச் செல்கின்றது. ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்திலே கையேந்தும் நிலை அதனால் நீங்கிற்று. நோயை விளைவிக்கும் வணிகமே மீட்சிக்கான செலவைத் தரவேண்டும் என்ற கொள்கை அங்கு சட்டவடிவம் பெற்றது.

6

இலங்கையில் இவ்விடைவெளியை யார் நிரப்பினர்? 2010களின் பிற்பகுதியில் நாட்டின் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களிலே வணிகர்கள் தாமாகவே சிகரெட் விற்பதை நிறுத்தினர். அவற்றுள் யாழ்ப்பாண மாவட்டத்து ஊர்கள் முன்னணியில் நின்றன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் ஊக்குவிப்பு இதன் பின்னால் இருந்தது. 1920களின் தவறணை வாக்கெடுப்பின் மறுபிறப்பாக இதனைக் காண்பதில் தவறில்லை. சட்டம் தராத உரிமையை ஊரவர் தாமே எடுத்துக்கொண்டனர். இம்முயற்சியை நாம் போற்றுகின்றோம். ஆயினும் அதன் எல்லையையும் கூறவேண்டும். கடை மூடினால் பழக்கம் மூடிவிடாது. அடுத்த ஊருக்கு நடப்பவன் நடப்பான். விற்பனையை நிறுத்துதல் பாதி வேலை. விடமாட்டாது தவிப்பவனுக்குத் துணைநிற்றல் மறுபாதி. நல்லெண்ணத்தால் முதற்பாதியைச் செய்யலாம். மறுபாதிக்குச் சம்பளம் வேண்டும்.

ஈண்டு இரு மறுப்புகளுக்கு விடை கூறுதல் அவசியம். ஏழைக்கு இருக்கும் ஒரேயோர் ஆறுதலையும் பறிப்பதா என்பது ஒன்று. 1845இல் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த ஏங்கெல்சு, அவர்களின் குடிப்பழக்கத்தை ஒழுக்கக்கேடாகக் கொள்ளாது, அந்நிலைக்கு அவர்களைத் தள்ளிய சமூகத்தின் குற்றமாகவே கண்டார். நாமும் அவ்வாறே காண்கின்றோம். ஆயின் காரணத்தை விளங்கிக்கொள்ளுதல், விளைவை அப்படியே விட்டுவிடுவதற்கான நியாயமாகாது. அவ்வாறுதலுக்கு ஏழை கொடுக்கும் விலையிற் பெரும்பங்கு கம்பனிக்கும் திறைசேரிக்கும் போகின்றது. அவனுக்கு எஞ்சுவது இருமலே.

புகையிலையை நம்பி வாழும் கமக்காரரும் சுருட்டுத் தொழிலாளரும் என்னாவர் என்பது மற்றையது. இது நேர்மையான வினா. 2010களின் பின்னரைப் பகுதியில் புகையிலைப் பயிர்ச்செய்கையை 2020க்குள் நிறுத்துவதென அரசு அறிவித்தபோது யாழ்ப்பாணத்துக் கமக்காரர் மாற்றுப் பயிரும் சந்தையும் கேட்டனர், அக்கேள்வி நியாயமானதே. புகைப்பவன் மீள்வதற்குத் துணை வேண்டும் என்று வாதிடும் நாம், விளைவிப்பவன் மீள்வதற்கும் துணை வேண்டும் என்று வாதிடக் கடமைப்பட்டுள்ளோம். இருவரும் ஒரே சங்கிலியின் இரு முனைகளிற் கட்டுண்டவர்கள்.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சில முடிவுகளுக்கு வரலாம். ஈச்சிலம்பற்றைப் போன்ற ஓரிடத்திலே இச்சேவைக்கான வடிவம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதன்று. பிரதேச சபைகள் பல இடங்களில் இலவச ஆயுள்வேத மருந்தகங்களை நடத்திவருகின்றன, நூலகங்களை வைத்திருக்கின்றன, சனசமூக நிலையங்களுக்கு நன்கொடை வழங்குகின்றன. வீடுகளை அறிந்த மருத்துவமாதும் பரிசோதகரும் ஊரில் உளர். இவற்றை ஒன்றிணைத்து, சனசமூக நிலையத்தின் மாலைப்பொழுதிலே, கரையிலிருந்தும் வயலிலிருந்தும் திரும்புவோர் வந்தமரக்கூடிய நேரத்தில், தமிழிலே பேசும் ஆலோசகர் ஒருவரை அமர்த்துவதே தேவை. வெற்றிலை வட்டாவின் மரியாதையை இகழாது, அதிலிருந்து புகையிலையை மாத்திரம் விலக்கப் பேசத் தெரிந்தவராக அவர் இருத்தல் வேண்டும்.

அதற்கான நிதி, புகையிலை வரியின் ஒரு பங்காகச் சட்டத்தினால் வரையறுக்கப்பட்டு, வறுமையை அளவாகக் கொண்டு, ஆண்டுக்கொரு முறை எவரிடமும் இரவாத வகையிலே சபைகளுக்குச் சேரவேண்டும். அதனைச் செலவிடும் முறையைச் சபையே தீர்மானிக்கவும், கணக்கை ஊராரே கேட்கவும் வேண்டும்.

கணக்குக் கேட்பதற்குச் சபையொன்று இருக்க வேண்டும் என்பதையும் அண்மைய வரலாறு நமக்கு நினைவூட்டியுள்ளது. 2023 மார்ச்சிலே உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிவுற்றபோது, பணமில்லை எனத் திறைசேரி கைவிரித்ததனால் தேர்தல் நடத்தப்படவில்லை. 2025 மே மாதம்வரை ஈராண்டுகளுக்கு மேலாக நாட்டின் மிகப் பெரும்பாலான இடங்களிலே தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரவைகள் இருக்கவில்லை. அதே ஆண்டுகளிலே சிகரெட் வரி மட்டும் தவறாது வசூலிக்கப்பட்டது. வருவாய் மையத்துக்கு, கடமை ஊருக்கு என்ற பழைய பங்கீடு இன்னும் உயிரோடிருப்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இலங்கைத்துறைக் கரையிலே வலையை உலர்த்திவிட்டு, 'விட்டுவிட வேண்டும்' என்று தனக்குள்ளே எத்தனையோ முறை சொல்லிக்கொண்ட ஒருவனிடம் மனத்திண்மை இல்லையென்று கூறுவோர், அவன் வாங்கிய ஒவ்வொரு சிகரெட்டிலும் அவன் செலுத்திய வரி எங்கே போயிற்று என்பதையும் கூறக் கடமைப்பட்டவராவர். அவன் கேட்பது தருமமன்று. தன் பணத்தில் ஒரு பங்கைத் தன் ஊருக்குத் திருப்பித்தருமாறே அவன் கேட்கின்றான்.